அகிலாண்டத்தின் இடது கால் விடுதலையான கதை

அகிலாண்டத்தின் இடது காலில் ஒரு கோளாறும் இல்லை என்று எக்ஸ்ரே சொன்னது. டாக்டரும் சொன்னார். ராத்திரி தைலம் தேய்த்துவிட்ட கணவர் வைத்தீஸ்வரன், கணுக்காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். ஜான்சி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜான்சி மும்பை தாராவியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய வெள்ளைக் காரில் அகிலாண்டம் க்ளட்ச்சிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் வண்டிக்கு விக்கல் வந்துவிடும். ஜான்சி ஓட்டினால் ஆக்சிலரேட்டரை ஓர் அழுத்து அழுத்தி அந்த விக்கலை வண்டி விழுங்கும்படி செய்துவிடுவாள். அதனால் அவளுக்கு வண்டிமேல் சந்தேகமே வரவில்லை.

"கால மெதுவா எடுங்க மாமின்னு எத்தன தடவ சொல்லுதேன்? க்ளட்ச்சு என்ன கரப்பான்பூச்சியா? மிதிச்சிட்டுத் துள்ளுதிய."

மாட்டுங்காவிலிருந்து ரயிலேறிப் போய் செஷன்ஸ் கோர்ட்டில் பாதி ஆயுளாகத் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்கிறவள் அகிலாண்டம். சாட்சியம் வலுவாக இருந்தால் அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். தன் கால்தான் குற்றவாளி என்று ஏற்றுக்கொண்டாள். ஆசையை மட்டும் விடவில்லை. ரிட்டயர் ஆவதற்குள் ஒரு நாளாவது தானே கார் ஓட்டிக்கொண்டு போய்க் கோர்ட் வாசலில் இறங்க வேண்டும். ஆனால் ஆர்.டி.ஓ. டெஸ்ட்டில் இரண்டு தடவையும் வண்டி குலுங்கி நின்றுபோனது. பழகுவதற்குக் கொடுத்த லைசென்ஸ் இந்த வாரத்தோடு காலாவதியாகிறது. இன்றைக்கும் தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு மாமிக்கு மனசில்லை, ஜான்சிக்குத் தொண்டையில்லை.

டெஸ்ட்டுக்குப் புறப்பட்ட காலையில், கிங்ஸ் சர்க்கிள் சிக்னல் பச்சைக்கு மாறியதும் கார் தும்மியது, குலுங்கியது, ஒருவழியாக நகர்ந்தது. அகிலாண்டம் பதறிப்போய் வேளாங்கண்ணி மாதாவைப் பார்த்தாள். வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த சின்னப் படம் அது. மாதாவின் தலையைச் சுற்றி மஞ்சளாய் ஓர் ஒளிவட்டம் உண்டு. வகுப்புக்கு வந்த முதல் நாளிலிருந்து அதை மனசுக்குள் சேவித்துவிட்டுத்தான் அவள் கியர் போடுவாள்.

"ஜான்சி, உங்க மாதாவுக்கு இன்னிக்கு என்ன ஜோதி பாரேன். விட்டு விட்டு மினுக்கறது. நல்ல சகுனந்தானே?"

"படத்துல ஏது மாமி ஜோதி?"

ஜான்சி எட்டிப் பார்த்தாள். பிறகு நகத்தால் மாதாவின் ஓரத்தை மெல்லக் கிளப்பி உரித்தெடுத்தாள். உள்ளே இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது. பழைய வண்டியாக இதை வாங்கியபோதே அந்த விளக்கு எரிந்தது. அது சும்மா எரிகிறது, கண்டுகொள்ளாதே என்று விற்றவன் சொல்லியிருந்தான். கண்ணை உறுத்துகிறதே என்று ஜான்சிதான் அதன்மேல் மாதாவை ஒட்டியிருந்தாள். ஆனால் அது விட்டு விட்டு எரிந்தால் சும்மா இல்லை என்பது அவளுக்கும் தெரியும். மாமியை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் லேபர் கேம்ப் பகுதியில் இருந்த நாகூர் மீரானின் கேரேஜுக்கு வண்டியை உருட்டாத குறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

மீரான் ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவு ஸ்கேனர் ஒன்றைச் செருகினார். கைபேசியைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னார்: "தீன் சௌ தோ."

முந்நூற்றிரண்டு. அகிலாண்டம் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். புதுச் சட்டம் வந்து எண்கள் மாறிவிட்டாலும், அவள் விரல்களுக்கு முந்நூற்றிரண்டாம் பிரிவு என்றால் இன்னும் கொலைதான்.

"யாரை?" என்று கேட்டாள்.

மீரானுக்கு முதலில் புரியவில்லை. ஜான்சி விளக்கியதும், சிரிப்பை அடக்க ஸ்பானரால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு, கேள்வியில் தப்பில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். செத்தது ரெண்டாம் நம்பர் சிலிண்டர். இன்ஜினின் நாலு சிலிண்டரில் ஒன்று நெருப்புப் பிடிக்காமல் விட்டால் வண்டி இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளும். எந்தச் சிலிண்டர் என்பதைக் கடைசி இலக்கம் காட்டும். நாலு பேர் தூக்க வேண்டிய கட்டிலை மூன்று பேர் தூக்கிக்கொண்டு ஓடுவதால்தான் இத்தனை ஆட்டம். ஆனால் கொன்றது யார் என்று எண் சொல்லாது. பொறி விடும் ப்ளக்காக இருக்கலாம், அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயிலாக இருக்கலாம், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம்.

ரெண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி நாலாவதில் மாட்டுவேன், நாலாவதை இங்கே மாட்டுவேன் என்றார் மீரான். பழைய எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஓடவிடும்போது மறுபடியும் அதே எண் வந்தால் காயில் நிரபராதி.

"குத்தம் காயில் கூடவே போனா?" என்றாள் அகிலாண்டம்.

"முந்நூத்தி நாலு வரும்மா."

அகிலாண்டத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொலை என்பதைக் கொலையாகாத மரணம் என்று குறைக்கிற பிரிவு அது.

"முந்நூத்தி ரெண்டை முந்நூத்தி நாலாக்கறதுக்கு எங்க வக்கீல்களெல்லாம் வருஷக்கணக்கா தொண்டை கிழியக் கத்தறா. நீங்க ரெண்டு திருகைக் கழட்டிப் பண்ணிடறேங்கறேளே."

காயில்கள் இடம் மாறின. இன்ஜின் ஓடியது. மூவரும் கைபேசியின் மேல் குனிந்து நின்றார்கள். தீர்ப்பு வாசிக்கும் நாளில் கோர்ட் ஹாலில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்குமே, அப்படி ஓர் அமைதி. வண்டி மட்டும் தடதடவென்று ஆடியது. கைபேசி டிங் என்றது.

"முந்நூத்தி நாலு," என்றார் மீரான். இந்தத் தடவை தமிழில்.

ஜான்சி மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள்.

"மாமி, இந்தக் கால்ட்ட நான் மாப்பு கேக்கணும்."

அகிலாண்டம் புடவையைக் கொஞ்சம் தூக்கி, இடது காலை முன்னால் நீட்டினாள். "கேளேன்."

மீரானிடமிருந்த வேறொரு காயில் உள்ளே போனது. வண்டி பால் குடித்த பூனை மாதிரி உறுமியது. வடாலா ஆர்.டி.ஓ.வில் டெஸ்ட்டின்போது அகிலாண்டம் பழக்கதோஷத்தில் மூன்று சிலிண்டருக்கு உரிய பயத்தோடு காலை நூல் நூலாக எடுத்தாள். நாலு சிலிண்டர் வண்டி எண்ணெயில் வழுக்கியதுபோல் கிளம்பியது. ஆய்வாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாஸ் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தாள். இப்படி முகத்தைக் கூடப் பார்க்காமல் விடுதலை செய்யும் நீதிபதிகளை அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் கூண்டில் நின்று கேட்பது வேறு சுகமாயிருந்தது.

திரும்பும்போது அதே கிங்ஸ் சர்க்கிள், அதே சிக்னல். பச்சை விழுந்தபோது அகிலாண்டம் மனசுக்குள் கோர்ட் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தாள். எந்தப் புடவை என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. கால் வெடுக்கென்று எழும்ப, கார் ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. பின்னால் பெஸ்ட் டவுன்பஸ் ஹாரனை அழுத்தியது.

ஜான்சி வெளிறிப்போனாள். அகிலாண்டம் சாவியைத் திருப்பினாள். விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தன. இன்ஜின் சாதுவாக ஓடியது. மாதா இருந்த இடத்தில் ஒரு மினுக்கலும் இல்லை.

"மீரான் அண்ணன்ட்ட திருப்பி விடவா மாமி?"

"வேண்டாம்டி," என்றாள் அகிலாண்டம். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "இது சத்தியமா என் கால்தான்."