கிருத்திகை முடிந்து பார்த்த கெளுத்தி

மீன்வளத்துறையில் புதிதாகச் சேரும் தங்கைகளுக்கு என் முதல் தவறைச் சொல்கிறேன்.

பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. பள்ளி முடித்த முதல் ஆள் நான். மீன்வளம் படித்து, துறையில் சார் ஆய்வாளராகத் திருத்தணிப் பக்கம் வேலை கிடைத்தது. முதல் வாரம் ஆர்.கே.பேட்டை அருகே கோதண்டம் என்பவரின் பண்ணைக்குட்டையைப் பதிவு செய்யப் போனேன். வாளியில் விரல் நீளக் குஞ்சுகள்.

"இன்னா மீனுண்ணா?"

"நாட்டுக் கெளுத்திதாம்மா."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணி மலைக்குக் காவடி ஏறும் நாட்களில் எங்கள் பக்கம் மீன் வாங்க ஆள் இருக்காது. கோதண்டம் வலை போடாமல் நிறுத்திவைத்தார். திருவிழா முடிந்ததும் பெருமையாகப் போன் செய்தார்.

"வந்து பாரும்மா. நாலே மாசம். ஒவ்வொண்ணும் என் கை நீட்டு இருக்குது."

நாட்டுக் கெளுத்தி அந்த வேகத்தில் வளராது. போய்ப் பார்த்தேன். உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக, வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி. குட்டைக்குக் கீழே ஏரி. மழையில் கரை வழிந்தால் இவை ஏரிக்குள் போய் மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும். ஏரியைக் குத்தகைக்கு எடுத்த மீனவர்களுக்கு வலையில் வேறெதுவும் மிஞ்சாது.

"எல்லாத்தையும் அழிக்கணும்ணா."

"நாட்டுக் கெளுத்தின்னு எழுதுனது யாரு, நானா?"

"நான்தான்."

"குஞ்சு வித்தவன் சொன்னதத்தான் நான் சொன்னேன். படிச்ச பொண்ணு எழுதுது, சரியாத்தான் இருக்கும்னு நம்பிகினு இருந்தேன்."

அது சுட்டது. உதவி இயக்குநருக்குப் போன் செய்தேன்.

"பழைய பதிவுல உன் கையெழுத்து இருக்கும்மா. மெமோ வரும்."

"வரட்டும் சார். தப்பா எழுதினேன்னு நானே எழுதித் தர்றேன்."

மறுநாளே குழி வெட்டி, மீனைப் பிடித்துப் போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி மூடினோம். மூன்றாம் நாள் மழை. கரை வழிந்தது; ஏரிக்குத் தண்ணீர் மட்டும் போனது. மெமோவும் வந்தது. பதில் எழுதினேன்; வேலை போகவில்லை.

குஞ்சு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, ரசீது எங்கே என்று கேளுங்கள். கையில் எடுத்துப் பாருங்கள். பிறகு பேரை எழுதுங்கள்.

போன வாரம் கோதண்டம் குட்டையில் விட ரோகு மீன் குஞ்சு வாங்கினார். நான் போகும்போது குஞ்சு வண்டிக்காரரைக் கரைக்கே விடாமல் நிறுத்திவைத்திருந்தார்.

"இரு நைனா. மேடம் ஒண்ணொண்ணா தூக்கிப் பாக்காம தண்ணில உடாது."