உயிர் காத்த ஜப்பான் கத்தி

என் கணவருக்குக் கத்திப் பைத்தியம். அவரைப் போன்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சைனா கத்தி என்றாலே அங்கே எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நான் மீன் வெட்டும் கத்தியைப் பார்த்தாலும், "சைனா மாலுட்டி, பேக்கார், ஒண்ணுக்கும் ஒதவாது. தூக்கிக் கடல்ல போடு" என்பார்.

சென்ற மாதம் அந்தமானில் ஹேவ்லாக் தீவுப் பக்கம் டிங்கிப் படகில் தூண்டில் போடப் போனோம். நங்கூரத்தை இறக்கும்போது, ஓடிய கயிறு அவர் காலைச் சுற்றி இறுக்கி, படகின் விளிம்புவரை இழுத்துவிட்டது. இடுப்பிலிருந்த ஜப்பான் மடக்குக் கத்தியை உருவினார். உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்த அந்த மகாராஜா திறக்கவே இல்லை.

"ஏட்டி, ஒன் கத்திய எடுட்டி, ஜல்தி!" என்று அலறினார்.

மீன் கூடையிலிருந்த என் சைனா கத்தியால் ஒரே இழுப்பு. நங்கூரம் போனது, ஆள் பிழைத்தார்.

கரையேறியதும் குழுவில் படத்தோடு போட்டார்: 'உயிர் காத்த ஜப்பான் கத்தி.' வீரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்போதெல்லாம் படகில் ஏறினால் என் கத்தியைக் கூடையில் போடுவதில்லை, இடுப்பில் செருகிக்கொள்கிறேன். இன்னொரு முறை கயிறு இறுக்கினால், அது எந்த ஊர்க் கத்தி என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அறுப்பேன்.