திரும்பிப் போயிருக்க வேண்டிய தபால்

வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் எங்களுக்கு முன்பு இருந்தவர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டெய்லர் அக்கா. மகளோடு நெருப்பெரிச்சல் பகுதிக்கு வீடு மாறிப் போனார். சாவி வாங்கிய அன்று ஒரே ஒருமுறைதான் அவரைப் பார்த்திருந்தேன்.

போன மே மாதக் கடைசியில் அவர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட் வந்தது. தபால்காரர் பெயரை வாசித்துவிட்டு, "உங்களுக்கு வேண்டியவங்களாங்க? இல்லீன்னா ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பிருவனுங்க" என்றார்.

ஒருவருக்கு வந்த தபால் சேராமல் திரும்பிப் போவது எனக்கு என்னவோ போலிருந்தது. "ஆமாங்க, சொந்தந்தானுங்க" என்றேன். இடுப்பில் குழந்தையோடு, அவர் நீட்டிய போனில் விரலால் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்காரம்மாவிடம் நம்பர் வாங்கி அன்றே கூப்பிட்டிருக்கலாம். சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் அந்த உறை, தடுப்பூசி அட்டை இருந்த பைக்குள் போய்விட்டது. பத்து நாள் கழித்துக் கண்ணில் பட்டபோது, இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்பாரே என்று பயந்து மறுபடி உள்ளேயே வைத்தேன். கணவரிடமும் சொல்லவில்லை.

ஜூன் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவே வந்துவிட்டார். தபால் ஏதும் வந்ததா என்று கேட்டார்.

"இல்லீங்கக்கா" என்றேன். யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது.

அவர் சந்தேகப்படவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தபடி சொன்னார். ஊரிலிருக்கும் தம்பி, அங்கே எட்டாவது முடித்த மகளின் டி.சி.யைப் பள்ளியில் வாங்கி, பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டான். அது இல்லாமல் இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க மறுக்கிறார்கள். தபால் கொடுத்தாகிவிட்டது என்று தபால் நிலையத்தில் சொல்கிறார்கள். இன்னொன்று வாங்க அவரே ஊருக்குப் போகவேண்டும். சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நேரத்தில் பனியன் கம்பெனியில் லீவு தரமாட்டார்கள். பள்ளி திறந்ததிலிருந்து மகள் வீட்டில்தான் இருக்கிறாள்.

உள்ளே போய் அந்தப் பையை எடுத்தேன். உறையை அவரிடம் நீட்டியபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ வாங்காம விட்டிருந்தா தம்பிக்கே திரும்பிப் போயிருக்கும்மா. அவன் மறுவாரமே நாங்க இப்ப இருக்குற வீட்டுக்கு அனுப்பிருப்பான்" என்றார். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன்.

பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்க, வீட்டுக்காரம்மாவிடம் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.