நாலு பரப்பும் ஒரு பட்டமும்

பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இலவசம்தான். விரிவுரைக்குக் காசு இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பக்கத்தில், அறை வாடகை, சாப்பாடு, போட்டோக்கொப்பி, பஸ் ஓடாத நாட்களுக்கு ஒரு சைக்கிள் என்று மற்ற எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். உதவிப்பணம் என்று ஒன்று கொழும்பிலிருந்து வரும். வரும்போது வரும்.

அதனால் எண்பத்தாறாம் ஆண்டு, நான் கம்பஸில் சேர்ந்த கிழமையே, ஐயா சண்டிலிப்பாயில் இருந்த நாலு பரப்புத் தோட்டக் காணியை ஈடு வைத்தார். கடன் கொடுத்தவர் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பென்சனியர். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. எனக்கு உத்தியோகம் கிடைத்த பிறகு முதலையும் வட்டியையும் சேர்த்துக் கட்டுவதாகப் பேச்சு.

"நாலு வருசப் படிப்பு. பிள்ளை உழைச்சு மீட்டுப்போடும்" என்று ஐயா அவரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். அது எனக்குச் சீதனமாகத் தருவதற்கு வைத்திருந்த காணி. என் சீதனத்தை நானே தின்று படித்தேன் என்றும் சொல்லலாம்.

இரண்டாம் வருடம் சிறப்புப் பாடம் தெரிவு செய்யப் படிவம் தந்தார்கள். பொருளியல், அரசறிவியல் இரண்டில் எதையும் நான் எடுக்கலாம். ஐயா வெங்காயப் பாத்திக்குள் நின்றபடி இரண்டு பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"பொருளியல் எண்டால் கடை கண்ணி யாவாரம். மற்றதிலை பேரிலேயே அரசு கிடக்கு. அரசாங்க உத்தியோகத்துக்குத்தானே உது? உதையே எடு பிள்ளை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியில்லை என்று விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஓர் அரசு எதனால் நிற்கிறது, சனங்கள் ஏன் அதற்குக் கீழ்ப்படிகிறார்கள் என்று வகுப்பில் கேட்பார்கள். வழியில் நாலு இடத்தில் இறங்கி ஆமிக்காரருக்குப் பையைத் திறந்து காட்டிவிட்டு வகுப்புக்கு வருகிறவளுக்கு அது வெறும் பாடமாக இருக்கவில்லை.

என் அறையில் ஓர் அக்கா இருந்தார். அதே பாடத்தில் பட்டம் எடுத்துவிட்டு, இரண்டு வருடமாக நிரந்தர வேலை இல்லாமல் டியூட்டரியில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். நான் படிவம் நிரப்புவதைக் கண்டு பேனையைப் பிடுங்கினார்.

"விசரே உனக்கு? ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பாடத்துக்கு ஒரு ஆள்தான் வேணும். அந்த ஆள் பென்சன் எடுக்க இன்னும் இருவது வருசம் கிடக்கு. பொருளியல் எடு. பாங்கிலையாவது எடுப்பாங்கள்."

அவர் சொன்னது முழுக்க உண்மை என்று அப்போதே தெரிந்தது. பேனையை வாங்கி அரசறிவியலுக்கே அடையாளமிட்டேன். ஐயாவிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன்.

நாலு வருடப் படிப்பு ஆறரை வருடம் இழுத்தது. சண்டை தொடங்கினால் கம்பஸ் பூட்டும். பிறகு திறக்கும். பரீட்சைக்குத் திகதி போடுவார்கள், திகதி வருவதற்கு முன்னரே மறுபடி பூட்டும். நான் வீட்டில் குந்தியிருந்து பழைய நோட்ஸைப் புரட்டுவேன். வட்டிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. கம்பஸ் பூட்டிய நாட்களுக்கு வட்டியும் நிற்க வேண்டும் என்று ஏன் ஒரு சட்டம் இல்லை என்று அரசறிவியல் மாணவியாக நான் யோசித்ததுண்டு. பென்சனியர் ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. படலையடியில் நின்று, "பிள்ளைக்குச் சோதினை எப்ப?" என்று மட்டும் கேட்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் நல்ல பெறுபேற்றோடுதான் பட்டம் வந்தது. நியமனம் வரவில்லை. வரும், வரும் என்றார்கள். நானும் கொக்குவிலில் ஒரு டியூட்டரிக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வர அரசாங்கம் தடை விதித்திருந்த காலத்து விலையில், அந்தச் சம்பளம் சவர்க்காரத்துக்கும் சைக்கிள் டியூப்புக்குமே போதவில்லை. பத்தாம் வகுப்போடு நின்று சட்டை தைத்த என் மச்சாள் என்னைவிட மூன்று மடங்கு காசு உழைத்தாள். கலியாணப் பேச்சோடு வந்த தரகர், பட்டதாரிப் பெண்ணுக்குப் பட்டதாரி மாப்பிள்ளைதான் பொருத்தம், அதற்குச் சீதனம் கூடக் கேட்பார்கள் என்றார். படித்த குற்றத்துக்குத் தண்டமும் கட்ட வேண்டும் போலிருந்தது.

அடுத்த வருடம் பென்சனியர் கொழும்பில் இருந்த மகனிடம் போக முடிவு செய்து, கணக்கை முடிக்கச் சொன்னார். ஐயா என்னைக் கூப்பிட்டுக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். கூட்டினேன். முதலும் வட்டியும் சேர்ந்து நாலு பரப்பின் விலைக்குச் சரியாக வந்து நின்றன. ஐயா காணி உறுதிப் பத்திரத்தை எடுக்க எழும்பினார். எனக்குத் தாங்க முடியவில்லை.

"ஐயா, உந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காது எண்டு எனக்கு ரெண்டாம் வருசமே தெரியும்."

அவர் திரும்பவும் அமர்ந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருக்கலாம்.

"அப்ப ஏன் பிள்ளை அண்டைக்குச் சொல்லேல்லை?"

"படிப்பை நிப்பாட்டிப்போடுவியள் எண்டு பயந்து."

"நான் ஏன் நிப்பாட்டப் போறன்? நீ விரும்பிப் படிச்ச படிப்பு." நான் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார். "உத்தியோகம் வரும், மீட்கலாம் எண்டுதான் வட்டியை ஓட விட்டனான். வராது எண்டு அண்டைக்கே தெரிஞ்சிருந்தால் அந்தக் கிழமையே ரெண்டு பரப்பை வித்துக் கடனை அடைச்சிருப்பன். மற்ற ரெண்டும் உனக்குக் கிடந்திருக்கும்."