சூப்புக்குப் பின் சீனா

பிள்ளைகளா, ரேடியோவில் சீனா என்று கேட்டால் அப்பா திரும்பி அடுப்பைப் பார்க்கிறார் என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் விடுதியில் சமையல்காரன். பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மூத்தவள் அப்போது கைக்குழந்தை. வேலை போனால் அறையும் போகும், மூன்று பேரும் பனியில் நிற்க வேண்டியதுதான்.

விடுதியில் நிரந்தரமாக இருந்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். ஒருவர் வயதான பாதிரியார். சீனாவில் ஊழியம் செய்து, கம்யூனிஸ்டுகள் வந்ததும் வெளியேற்றப்பட்டு, பிறகு நம் பக்கம் வந்து தமிழ் கற்றவர். இன்னொருவர் பள்ளிக்கூடத்து இளம் வாத்தியார். தோள்வரை முடி. வியட்நாமில் தம் நாடு குண்டு போடுகிறதே என்று கோபம். பெரியவருக்குச் சீனா சாத்தானின் கோட்டை. வாத்தியாருக்கு அது ஏழைக்கும் வைத்தியம் கிடைக்கிற நாடு. வாத்தியார் அங்கே போனதே இல்லை. பெரியவர் அங்கிருந்து வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது.

மதியச் சாப்பாடு ஒரே மேஜையில். பெரியவர் ஜெபம் செய்வார். அவர் ஆமென் சொல்லும்வரை பரிமாறக் கூடாது. நான் சூப்புப் பாத்திரத்தோடு வாசலில் நிற்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். சமையலறையோ முற்றத்துக்கு அந்தப் பக்கம். கொடைக்கானல் குளிரில் சூப்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

சாதாரண நாளில் ஜெபம் சின்னது. சீனாவைப் பற்றிச் செய்தி வந்த நாளில் நீளும். அங்குள்ள சபை, சிறையில் கிடக்கும் போதகர்கள், அந்தக் காலத்தில் தன் வீட்டில் சமைத்த சீனாக்காரர், எல்லாருக்காகவும் கண்ணை மூடி வேண்டுவார். குரல் தழுதழுக்கும். வாத்தியார் நடுவிலேயே ரொட்டியைப் பிய்ப்பார். ஆமென் ஆனதும், அங்கே எல்லாருக்கும் சோறு கிடைக்கிறது, அதற்கும் நன்றி சொல்லியிருக்கலாம் என்பார். பெரியவர் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் குறுக்கே போய்ப் பரிமாற எனக்குப் பயம். கடைசியில் சூப்பு ஆறிவிட்டது என்று விடுதியை நடத்துகிற மேனேஜர் அம்மாவிடம் புகார் சொல்வதும் அதே வாத்தியார்தான்.

"ஏய்யா, இன்னொரு வாட்டி சூப்பு ஆறிப்போச்சுன்னு எங்காதுல விழக்கூடாது. தாண்டிக்குடில ஒருத்தன் இந்த வேலைக்கு வரக் காத்துக் கெடக்கான், பாத்துக்க" என்றார் மேனேஜர் அம்மா.

அன்றிலிருந்து உங்கள் அம்மா ரேடியோவில் செய்தி கேட்க ஆரம்பித்தாள். "ஏங்க, இன்னைக்குச் சீனா வந்துருச்சு. சூப்ப எறக்கிறாதீங்க" என்று முற்றத்தில் நின்று சொல்வாள். அப்படிப்பட்ட நாளில் சூப்பை அடுப்பிலேயே விட்டு, வெறுங்கையோடு வாசலில் நிற்பேன். ஜெபம் போதகர்களைத் தாண்டியதும் ஓடிப் போய் எடுத்து வருவேன். ஆமென் காதில் விழுந்ததும், வாக்குவாதம் கிளம்புமுன் ஊற்றிவிடுவேன். சில மாதம் புகாரே இல்லை.

ஒரு நாள் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஏங்க, அமெரிக்கா ஜனாதிபதியே சீனாவுல போயி எறங்கிட்டாராம்! கையெல்லாம் குடுத்தாராம்!"

"அப்ப இன்னைக்கு ஆமென் சாயந்திரந்தான்" என்றேன். சூப்பு நன்றாகக் கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஜனாதிபதி பெரியவர் ஓட்டுப் போடுகிற கட்சிக்காரர். அதை நான் யோசிக்கவில்லை. பெரியவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்தப் பிரயாணத்தை ஆசீர்வதியும், ஆமென்" என்றார். அவ்வளவுதான். போதகர்கள் இல்லை. சமைத்தவரும் இல்லை.

ஓடிப் போய், கொதித்த சூப்பை அப்படியே கொண்டுவந்து ஊற்றினேன். பெரியவர் பசியில் ஒரு கரண்டி வாயில் வைத்தார். நாக்கு வெந்துவிட்டது. வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஜனாதிபதியோடு கை குலுக்குகிறவர்கள் எப்படி ஏழைகளின் ஆட்களாக இருக்க முடியும், சீனாவை நம்பி ஏமாந்துபோனேன் என்று பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சீனர்கள் எப்போதுமே புத்திசாலிகள், உழைப்பாளிகள் என்றார். எனக்குத் தெரிந்து அந்த வாரம் சீனா இருந்த இடத்தில்தான் இருந்தது.

மேனேஜர் அம்மா கூப்பிட்டார். "முன்னாடி ஆறிப்போச்சு, இன்னைக்கு ஐயா வாயி வெந்து கெடக்கு. என்னய்யா சோலி பாக்குற நீ?"

"அது சீனாவப் பொறுத்துங்கம்மா."

"எதப் பொறுத்து?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நாளைக்கு அவுக முன்னால சொல்லு. சொல்ல வாய் வரலன்னா அந்தத் தாண்டிக்குடி ஆள வரச் சொல்லிருவேன்."

மறுநாள் இருவரும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. சூப்பக் குடிச்சுட்டுச் சீனாவுக்குப் போலாங்களா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். "அப்படியே ஆகக்கடவது" என்றார், வெந்த நாக்கோடு. வாத்தியார் கடைசியில் வரும் இனிப்பையும் சேர்த்து, "புட்டிங்கும் முடியட்டும்" என்றார். சீனா விஷயத்தில் அந்த இரண்டு பேரும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

"அப்புறம் என்ன நிக்கிற? வெரசாப் போயி எடுத்துட்டு வா" என்றார் மேனேஜர் அம்மா. வேலை தப்பியது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று புட்டிங் முடிந்து வெகுநேரம் பேசினார்கள். அவர்கள் எழுந்து போன பின்பு மேஜையைத் துடைக்கப் போனேன். விரிப்பின்மேல் ரொட்டித் துணுக்குகளால் ஒரு நாடு கிடந்தது. நடுவில் ஆறு மாதிரி ஒரு முள்கரண்டி. உப்புப் புட்டி தலைநகரமாக இருக்கும். மிளகுப் புட்டி ஓரத்தில் தனியாக நின்றது, எதற்கென்று தெரியவில்லை. எந்தப் பக்கம் யார் கட்டியது என்றும் தெரியவில்லை. பிறகு உப்பையும் மிளகையும் எடுத்துத் தட்டில் வைத்தேன். துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி, ஜன்னலைத் திறந்து, வெளியே குருவிகளுக்குப் போட்டேன்.