நூறாம் நம்பரில் யாரும் பேசவில்லை

இன்டர்நெட் போன் தொழிலில் போனை மாட்டுவது அரைமணி வேலை. அதற்கு 1234 அல்லாத ஒரு பாஸ்வேர்டு வைக்க ஆளைச் சம்மதிக்க வைப்பது ஆறு மாத வேலை. ரௌட்டரும் ஏணியுமாக மலையேறுகிற என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் நான், மலைமேல் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

சுவரில் ஒரு ரகசியம்

ஆபீஸ், ஸ்டோர், பங்களா, கெஸ்ட் ஹவுஸ் என்று பத்து போன். ஆபீசில் இருக்கும் ஒரு பெட்டி அவற்றை இன்டர்நெட்டோடு இணைக்கும். எல்லாப் பேச்சையும் பதிவும் செய்யும். "இப்போதைக்கு 1234 வைத்திருக்கிறேன். மாற்றிவிடுங்கள், மறக்காமல் எழுதி வையுங்கள்" என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பவுல்ராஜிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது ஸ்டோரின் வெளிச்சுவரில், வெள்ளைப் பட்டைமேல் கறுப்புப் பெயிண்டில், 'போன் பாஸ்வேர்டு 1234' என்று முத்து முத்தான எழுத்து. அந்த எஸ்டேட்டில் மரத்துக்கு நம்பர், தண்ணீர்த் தொட்டிக்கு நம்பர், நாய்க்கூண்டுக்குக்கூட நம்பர். எல்லாம் பவுல்ராஜ் கைவண்ணம். கிட்டப் போய் இரண்டு முறை படித்தேன். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். "பேப்பர்ல எழுதினா பனில நைஞ்சு போயிருதுங்க. பெயிண்ட்டுன்னா பத்து வருசம் நிக்குமுங்க." சுவரில் அதை அழித்துவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லி மலையிறங்கினேன்.

பேசாத அதிகாரி

இரண்டு வாரத்தில் போன்கள் தாமாக அடிக்கத் தொடங்கின. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. திரையில் வந்த எண் 100. பூட்டாத போன் பெட்டிகளைத் தேடி இன்டர்நெட் முழுக்கத் தட்டிப் பார்க்கிற திருட்டு மென்பொருள்கள் உண்டு. தங்கள் எண்ணாக எதை வேண்டுமானாலும் அவை காட்டும். பெரும்பாலும் நூறைத்தான் காட்டும். நமக்கு நூறு என்றால் போலீஸ்.

நான் போன நேரம் பவுல்ராஜ் குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரிசீவரும் கையுமாக எழுந்து நின்றிருந்தார். "எஸ்டேட் பலாப்பழம் ரெண்டே ரெண்டுதானுங்கய்யா மச்சான் ஊட்டுக்குக் குடுத்துவிட்டேன். நொம்பச் சின்னதுங்க." மறுமுனையில் மௌனம். "செரிங்க, மூணுங்க."

அது மெஷின், போலீஸாக இருந்தால் பேசியிருப்பார்களே என்று வாதாடினேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேசுனா ஏட்டுங்க. பேசாம கேட்டுக்கிட்டே இருந்தா அது டி.எஸ்.பி.ங்க."

ராஜினாமா

அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. போலீஸ் ஜீப் எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் மாப்பிள்ளை வீட்டார் அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவார்கள் என்று பவுல்ராஜ் நடுங்கினார். முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ராஜினாமா எழுதி மேனேஜர் மேசையில் வைத்துவிட்டார். முப்பது வருட வேலை. பாஸ்வேர்டை முதல் நாளே நானே மாற்றியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் காதில் பலாப்பழம் மட்டும்தான் விழுந்தது. "மூணோட நின்னிருக்கும்னு நம்பறீங்களா? அந்த ரெக்கார்டிங்கைப் போடுங்க. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் முடிவு."

பதிவில் இருந்தவர்கள்

மேனேஜர் முன்னாலேயே பெட்டியைத் திறந்தேன். 1234 தெரிந்த எவரும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம் என்ற நிலையில் அத்தனை பேச்சும் கிடந்தது. நூறாம் நம்பரிடம் ஒப்புக்கொண்டவர் பவுல்ராஜ் மட்டுமல்ல. சமையல்காரம்மா கெஸ்ட் ஹவுஸ் நெய்யைப் பற்றி விவரமாகச் சொல்லியிருந்தார். எஸ்டேட் ஜீப்பில் மாமியார் வீட்டார் பன்னிரண்டு பேரைக் கிளியூர் அருவிக்கு ஏற்றிப்போனதை டிரைவர் ஒப்புக்கொண்டிருந்தார். அடுத்து வந்த குரல் மேனேஜருடையது. "சார், அம்மாவுக்குச் சீரியஸ்னு லீவு போட்டது கோவாவுக்குத்தான் சார். ஆனா அம்மாவையும் கூட்டிட்டுத்தான் போனேன் சார்."

மேனேஜர் எழுந்து போய் ஆபீஸ் கதவைச் சாத்தினார். பிறகு ராஜினாமாவை நான்காகக் கிழித்தார். "மொத்தத்தையும் அழிச்சிருங்க. பலாப்பழம்னா நாலு ஊட்டுக்குக் குடுக்கறதுதானே?"

பந்தியில்

ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வைத்தேன். வெளியாள் தட்டினால் பதிலே சொல்லாதபடி பெட்டியைப் பூட்டினேன். சுவருக்கு வெள்ளையடிக்கும்வரை நகரவில்லை. நூறாம் நம்பர் நின்றுபோனது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் பவுல்ராஜ் பிரியாணியோடு என் பக்கம் வந்தார். முகத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த நிம்மதி இல்லை. குனிந்து என் காதருகே கேட்டார். "மூணு வாரமா அவுங்க கூப்புடவே இல்லீங்க. நம்ம மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

ஒட்டுக்கேட்கிறவனைத் தடுக்க என்னிடம் நாலைந்து வழி இருக்கிறது. எவனும் கேட்காமலே சொல்லிவிடுகிறவர்களைத் தடுக்கத்தான் இன்னும் ஒன்றும் சந்தைக்கு வரவில்லை.