டிரெய்லர்காரரின் பொம்மைக் கார்

எண்ணூர் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் அவரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரியான எனக்கு, அந்த வரிசை நகராததற்கான விதிகள் அனைத்தும் மனப்பாடம்.

நரைத்த மீசை, அழுக்குக் காக்கி. தன் டிரெய்லரின் பக்கத்தில் குந்தியபடி ரிமோட்டில் ஒரு சிவப்புப் பொம்மைக் காரை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். மகளுக்கு அன்று பிறந்தநாளாம். மாலையில் ஓட்டிக் காட்ட வேண்டுமாம்.

"லைசென்ஸ் வாணாம், டீசல் வாணாம், எந்த கேட்லயும் நிக்க வாணாம் சார். ரிவர்ஸ்தான் பேஜாரு."

டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது, அது வலப்பக்கம் திரும்ப ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் விரல் எதிர்த்திசையையே அழுத்தியது. கார் அவருடைய டிரெய்லரின் பின்சக்கரத்தடியில் போய்ச் சிக்கிக்கொண்டது.

அவர் அதை எடுக்கக் குனிவதற்குள் முன்னால் நின்ற லாரி நகர்ந்தது.

"இன்னா மாமு, தூங்கினு கீறியா? எடு வண்டிய!" என்று பின்னாலிருந்த டிரைவர் கத்தினார். இடைவெளியில் நுழைய இன்னொரு லாரி மூக்கை நீட்டியது. இடம் போனால் அன்று வீடு போய்ச் சேர முடியாது.

"கொயந்த பாவம் சார்" என்று சொல்லிவிட்டு அவர் ஏறி வண்டியை எடுத்தார்.

முன்னால் இடம் விட்டால் வண்டியை எடுத்தாக வேண்டும்; விதிப்படி அது சரிதான். சக்கரம் ஏறியபோது பெரிதாகச் சத்தம்கூட வரவில்லை. வெறும் ரிமோட்டோடு அவர் வீட்டுக்குள் எப்படி நுழைந்திருப்பார் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.